‘லா’, ‘கெ’, ‘கான்’: மலேசியப் பேச்சின் வால்களைப் பிடிப்பது எப்படி?

மலாய் இலக்கணம் ஓரளவு படித்துவிட்டுக் கோலாலம்பூரில் இறங்குபவர்களுக்குச் சொற்கள் புரியும், பேச்சு புரியாது. காரணம், வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஓசைகள். அகராதியைத் திறந்து ‘லா என்றால் என்ன?’ என்று தேடாதீர்கள். நம் ‘ஏன்’, ‘ப்பா’, ‘தான்’, ‘ல்ல’ எல்லாம் செய்கிற வேலையைத்தான் இவையும் செய்கின்றன. தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

படி 1: ‘லா’வை மூன்றாகப் பிரியுங்கள்

முதலாவது, அழைப்பு. ‘மக்கான்’ என்றால் சாப்பிடு; ‘மக்கான்லா’ என்றால் ‘சாப்பிடேன்’. இரண்டாவது, விட்டுக்கொடுத்தல். ‘தாக் ஆப்பாலா’ என்பது ‘பரவாயில்ல, விடுங்க’. மூன்றாவது, அழுத்தம். ‘டியாலா யாங் அம்பில்’ என்றால் ‘அவன்தான் எடுத்தான்’. இந்த மூன்றாவது ‘லா’ கொச்சை அல்ல; நல்ல எழுத்து மலாயிலும் உண்டு, முன்சொல்லோடு சேர்த்தே எழுதவேண்டும்.

பொருளை முடிவுசெய்வது குரல்தான். ‘செப்பாட்லா’வை வெட்டென்று முடித்தால் ‘சீக்கிரம்ப்பா!’ என்ற எரிச்சல். ‘போலே’ என்றால் ‘முடியும், சரி’; அதையே ‘போலேலாஆ…’ என்று இழுத்தால் கெஞ்சல். புதியவர்கள் பெரும்பாலும் வெட்டித்தான் சொல்கிறார்கள்; எதிரில் இருப்பவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று பிறகு குழம்புகிறார்கள்.

அடுத்த பிழை, ஆம்-இல்லை கேள்வியில் ‘லா’ போடுவது. ‘வந்தானா?’ என்று கேட்க ‘லா’ உதவாது. அதற்கு வேறு ஆள் இருக்கிறார்.

படி 2: கேட்க ‘கெ’, உறுதிசெய்ய ‘கான்’

‘கெ’ நம்முடைய கேள்வி ‘ஆ’. ‘டாஹ் மக்கான் கெ?’ என்றால் ‘சாப்பிட்டாச்சா?’ (இந்த ‘டாஹ்’ நம் ‘டா’ அல்ல, ‘ஆச்சு’ என்று பொருள். யாரும் உங்களை ‘டா’ போடவில்லை.) எழுத்து மலாயில் இதுவே ‘கா’. ‘எங்கே’, ‘யார்’ போன்ற கேள்விச் சொல் இருந்தால் பேச்சில் ‘கெ’யைச் சேர்க்காதீர்கள்.

இரண்டில் ஒன்றைக் கேட்கும்போது கவனம் வேண்டும். ‘காப்பியா டீயா?’ என்பதில் நாம் இரண்டு ‘ஆ’ போடுகிறோம். மலாயில் நடுவில் ஒன்றே: ‘கோப்பி கெ தே?’ இரண்டு பக்கமும் போட்டு ‘கோப்பி கெ, தே கெ’ என்றால் அது ‘காப்பியோ டீயோ, எதுவானாலும்’ என்று மாறிவிடும். ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் ‘கெ’ முற்றிலும் வேறு: ‘கெ ஈப்போ’ என்றால் ‘ஈப்போவுக்கு’.

‘கான்’ என்பது ‘புக்கான்’ (அல்ல) என்ற சொல்லின் சுருக்கம். கடைசியில் வந்தால் ‘செடாப் கான்?’, அதாவது ‘நல்லா இருக்குல்ல?’ முதலில் வந்தால் குத்தல்: ‘கான் டாஹ் சாக்காப்’, ‘அப்பவே சொன்னேன்ல!’ மேலதிகாரியிடம் முதல் இடத்து ‘கான்’ வேண்டாம்.

படி 3: சில்லறைகள்

‘ஜெ’ என்றால் ‘மட்டும்’ (‘சத்து ஜெ’, ஒண்ணே ஒண்ணு). ‘பூன்’ நம் ‘உம்’ (‘சாயா பூன்’, நானும்). ‘தாவ்’ செல்லமான எச்சரிக்கை: ‘ஜாங்ஙான் லூப்பா தாவ்’, ‘மறந்துடாதே, சரியா?’ ‘கோட்’ மட்டும் இரட்டை வேடம். ‘ஏசோக் கோட்’ என்றால் ‘நாளைக்கா இருக்கும்’. இளைஞர்கள் குரலை உயர்த்தி ‘மாஹால் கோட்!’ என்றால் சந்தேகமே இல்லை, ‘எவ்வளவு விலை தெரியுமா!’

படி 4: உள்ளூர் ஆங்கிலத்துக்கு மாறும்போது

இங்கே சீனமொழி வால்களும் சேரும். ‘லோர்’ என்பது ‘வேற என்ன பண்றது’ என்ற சலிப்பு: ‘வெயிட் லோர்’. ‘மா’ என்பது ‘தெரிஞ்சதுதானே’: ‘ஹி பாஸ் மா’ (அவர் முதலாளியாச்சே). அம்மாவைக் கூப்பிடுவதுபோல் நம் காதுக்குக் கேட்கும், பழகிவிடும்.

ஆபத்தானது, கான்டனீஸிலிருந்து வந்த, உச்சக் குரலில் சொல்லும் ‘மே’. அது கேள்வி அல்ல, நம்பாமை. ‘யூ கேன் டிரைவ் மே?’ என்றால் ‘உனக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியுமா?’ தகவல் மட்டும் வேண்டுமென்றால் ‘கேன் ஓர் நாட்?’ என்று கேளுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாக வரும்: ‘கேன்’. அது முரட்டுத்தனம் அல்ல, ‘போலே’ என்ற மலாய்ப் பதிலின் ஆங்கில உடை.

நேர்முகத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இந்த ஆங்கிலத்தைத் தவிர்க்கவும். வேடிக்கை என்னவென்றால், இதே ‘லா’ புழங்கும் சிங்கப்பூரில் அரசு ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கிய அதே 2000ஆம் ஆண்டில்தான் ஆக்ஸ்போர்டு அகராதி ‘லா’வைச் சேர்த்துக்கொண்டது.

படி 5: மாமாக் கடையில் பழகுங்கள்

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்தக் கடைகள்தான் சிறந்த வகுப்பறை. தெரியாத பெரியவரை ‘ஆவாக்’ (நீ) என்று சொல்லிவிடாதீர்கள். ஆணை ‘அபாங்’, பெண்ணை ‘காக்’ என்று முறைவைத்துக் கூப்பிடுங்கள். தமிழ்க்காரர் என்று தெரிந்தால் ‘அண்ணே’ போதும்.

‘அபாங், தே ஓ ஐஸ் சத்து, கூராங் மானிஸ் யா.’ (அண்ணே, பாலில்லாத ஐஸ் டீ ஒண்ணு, சீனி கம்மியா.)
‘மக்கான் சீனி கெ?’ (இங்கேயே சாப்பிடறீங்களா?)
‘பூங்குஸ்லா.’ (கட்டிக் கொடுத்துடுங்க.)

முதல் வரியின் கடைசி ‘யா’வை விட்டுவிட்டால் வேண்டுகோள் உத்தரவாகிவிடும். டீ வந்துவிடும்தான், சிரிப்பு வராது.