வாக்கிங் பேஸ்: நான்காவது அடியில் நேரும் தவறு

பாளையங்கோட்டையில் என்னிடம் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களுடைய சுருதியிலும் தாளத்திலும் குறை சொல்ல இடமில்லை. இருந்தும் ஜாஸுக்கு வாக்கிங் பேஸ், அதாவது அடிக்கு ஒரு சுரமாக நடந்துபோகும் பேஸ் வரி, வாசிக்கத் தொடங்கியதும், நான் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். தானாகத் திருந்திவிடும் சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாருக்குப் பார் புதிதாகத் தொடங்குதல்

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாருக்கு (நான்கு அடி கொண்ட தாளச் சுற்றுக்கு) ஒன்றாக டி மைனர் ஏழு, ஜி ஏழு, சி மேஜர் ஏழு என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) வந்தால், மாணவர் முதல் பாரில் டி, எஃப், ஏ, சி என்று ஏறுவார். பிறகு ஜி-க்குத் தாவி மறுபடியும் ஜி, பி, டி, எஃப் என்று ஏறுவார். ஒவ்வொரு சுரமும் கார்டுக்குள்ளேயே இருக்கிறது என்றாலும் கேட்பவர் காதில் ஒரு மெட்டு உருவாவதில்லை. மேலும் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தியில் இடது கை மேலும் கீழுமாக ஓடுவதால், நல்ல காது உள்ள பிள்ளைக்கும் சுருதி விலகிவிடுகிறது.

நாசரேத்தில் ஒரு திருமண வரவேற்புக்காக ஒத்திகை பார்த்தபோது, பியானோ வாசித்த அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு, "ஏல, பாட்டு ஜி-க்குப் போயிட்டு, நீ இன்னும் எங்கல நிக்க?" என்று கேட்டார். நான் சரியான சுரத்தைத்தான் வாசித்தேன் என்று வாதாடினேன். வாசித்ததைப் பாடிக் காட்டச் சொன்னார்; என்னால் பாட முடியவில்லை.

அதே மூன்று கார்டுகளுக்கு டி, இ, எஃப், எஃப் ஷார்ப் என்று ஏறி, ஜி, எஃப், இ, டி என்று இறங்கி, சி-யில் வந்து நில்லுங்கள். எஃப் ஷார்ப் டி மைனர் ஏழுக்குள் இல்லாத சுரம். ஆனால் அது நான்காவது அடியில் ஜி-க்கு அரைச்சுரம் கீழே நிற்பதால், அடுத்த பார் வருமுன்னே காது ஜி-யை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. டி-யும் ஜி-யும் விரல் வைக்காமலே ஒலிக்கும் திறந்த தந்திகள். இ, எஃப், எஃப் ஷார்ப் ஆகியவை டி தந்தியில் முதல், இரண்டாம், நான்காம் விரல்களில் விழும். இறங்கிவரும் சி-யோ ஏ தந்தியில் இரண்டாம் விரலில் கிடைக்கும். இத்தனைக்கும் கை முதல் பொசிஷனை, அதாவது தந்தியின் மேல்முனைக்கு அருகிலுள்ள இடத்தை, விட்டு அசைவதே இல்லை. என் மாணவர்களை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்தபடி இதைப் பாடச் சொல்கிறேன். நான்காவது காலடியில் அடுத்த சுரம் தொண்டைக்கு வராவிட்டால், அந்த வரியை நான் தந்தியில் வாசிக்க விடுவதில்லை.

எப்போதும் ரூட் சுரத்திலேயே இறங்குதல்

கார்டுக்குப் பெயர் தரும் சுரம்தான் ரூட். தொடக்கத்தில் அது தேவைதான். கார்டுகள் காதில் பதிந்த பிறகு, முதல் அடியில் மூன்றாம் சுரத்தையோ ஐந்தாம் சுரத்தையோ வைத்துப் பாருங்கள். ஜாஸ் பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸின் வாசிப்பில் இதைத் தாராளமாகக் கேட்கலாம்.

சுரத்தைப் பாதியில் வெட்டுதல்

அடுத்த சுரம் பிறக்கும்வரை இடது விரலைத் தூக்காதீர்கள்.

ஆம்ப்ளிபயரை நம்புதல்

விரல் நுனியால் அல்ல, சுட்டுவிரலின் பக்கவாட்டுச் சதையால் இழுங்கள். 1930களில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் பேஸ் வாசித்த வால்டர் பேஜ் இப்படிக் கையால் இழுத்த ஒலியை நம்பித்தான் நான்கு அடிகளையும் நடத்தினார்.

அலங்காரம்

இப்போதைக்கு வேண்டாம்.