மலை ரயிலில் காதல் சிறுகதை வாசிக்க

தென்காசி மாவட்டச் செங்கோட்டையிலிருந்து கேரளத்தின் புனலூர் வரை சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. 2018இல் அகலப்பாதையான பிறகும் ரயில் இங்கே மெதுவாகத்தான் ஏறி இறங்குகிறது. கலகலப்பான காதல் சிறுகதைக்கு இதைவிட நல்ல வாசிப்பறை கிடையாது.

இரண்டு கதை போதும். நாலைந்தை அடுத்தடுத்து வாசித்தால் எல்லாவற்றிலும் ஊடல், தவறான புரிதல், சமாதானம் என்று வந்து, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதே குழம்பிவிடும். முதல் கதையை ரயில் கிளம்பியதும் தொடங்குங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகை வரும். பெட்டியில் விளக்கு எரியாவிட்டால் இருட்டில் கண்ணைச் சிரமப்படுத்தாமல் புத்தகத்தை மூடி வையுங்கள். அடுத்து என்ன பேசுவார்கள் என்று யோசிக்க அது நல்ல இடைவெளி.

கதைச்சுருக்கத்தைத் துரத்தாதீர்கள். முடிவு கல்யாணம்தான் என்பது முதல் பத்தியிலேயே தெரியும்; ருசி உரையாடலில் இருக்கிறது. "குழம்புல உப்பு கூடிடுச்சா?" என்று அவள் இரண்டாவது முறை கேட்கிறாள் என்றால், கேள்வி உப்பைப் பற்றியதல்ல. அவன் நேரடியாகப் பதில் சொல்கிறானா, பேச்சை மாற்றுகிறானா, பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிறானா? அந்த வரிகளை உதடு அசையும் அளவுக்காவது மெல்லச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் மட்டும் ஓடினால் கேலியும் கோபமும் ஒன்றுபோலத் தோன்றி, நகைச்சுவை தவறிவிடும்.

கைபேசியில் வாசிப்பவர்கள் கதையை முன்பே இறக்கி வைக்கவும். ஆரியங்காவுப் பக்கம் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும்; பாதியில் நின்ற ஊடல் எரிச்சலைத்தான் தரும்.

கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வந்தால் மட்டும் புத்தகத்தை மடியில் வையுங்கள். இரண்டாவது கதை தென்மலைக்குப் பிறகு.