பிஎல்சி பழக வருகிறவர்களுக்கு: முதலில் ஸ்டாப் பட்டன்

கோவையில் எங்கள் பேனல் பட்டறைக்கு டிப்ளமோ முடித்து வருகிற பிள்ளைகள் வந்ததும் லேப்டாப்பைத்தான் திறப்பார்கள். நான் முதலில் அவர்கள் கையில் கொடுப்பது ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும். சிமுலேட்டரில் ஒயர் கழலாது, தொழிற்சாலையில் கழலும். பிஎல்சி என்பது மெஷினை ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டர். அந்த வேலையில் பாதி கழன்ற ஒயரைப் பற்றியதுதான்.

டெல்டா கம்பெனியின் 14எஸ்எஸ்2 மாதிரி ரிலே அவுட்புட் உள்ள சின்ன பிஎல்சி ஒன்று போதும், பழையதானாலும் சரி. எட்டு இன்புட், ஆறு அவுட்புட். கூடவே 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 24 வோல்ட் டிசியாக்கும் பவர் சப்ளை), பச்சை பட்டன் என்ஓ (அழுத்தினால் இணையும்), சிவப்பு பட்டன் என்சி (அழுத்தினால் பிரியும்), 24 வோல்ட் விளக்குகள் மூன்று. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் ஒரு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போடுங்கள். பழகுகிற வரை 230 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தாண்டி வர வேண்டாம்.

இன்புட்டுகளின் பொதுமுனையான எஸ்/எஸ் டெர்மினலை 0 வோல்ட்டில் கொடுங்கள். +24 பச்சை பட்டன் வழியாக எக்ஸ்0 இன்புட்டுக்கும், சிவப்பு வழியாக எக்ஸ்1 இன்புட்டுக்கும் போகட்டும். ஒயர் முனைக்கெல்லாம் ஃபெரூல் (முனையை மூடும் உலோகக் குழல்) போட்டு, நம்பர் மாட்டி, இழுத்துப் பாருங்கள். பவர் கொடுத்ததும் யாரும் எதையும் தொடாமலே பிஎல்சி மேலுள்ள எக்ஸ்1 விளக்கு எரிய வேண்டும். சிவப்பை அழுத்தினால் அணைய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த பிறகே லேப்டாப்.

இப்போது லேடர், அதாவது ஏணி மாதிரி வரிவரியாக வரையும் புரோகிராம். எக்ஸ்0-க்கு இணையாக ஒய்0 (முதல் அவுட்புட்), அப்புறம் தொடரில் எக்ஸ்1, கடைசியில் ஒய்0 காயில் (அவுட்புட்டை ஆன் செய்யும் குறி). ஸ்டாப்தானே என்று எக்ஸ்1-ஐ என்சி கான்டாக்டாகப் போடக் கை போகும். போடாதீர்கள். பட்டனே என்சி என்பதால் சும்மா இருக்கும்போதே எக்ஸ்1 ஆன். அதனால் லேடரில், இன்புட் ஆனாக இருக்கும்போது வழிவிடும் என்ஓ கான்டாக்ட்தான் வரும். ஒய்0-வில் விளக்கு ஒன்றை மாட்டி, பச்சையை அழுத்தி எரிய விடுங்கள். பிறகு எக்ஸ்1 ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணையும். ஸ்டாப்புக்கு என்ஓ பட்டன் வைத்திருந்தால், ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாமல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், பட்டனை அழுத்தினாலும் நிற்காது. ஒரு ஆபரேட்டரின் கை இதில்தான் இருக்கிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புரோகிராமை நம்பாமல் கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச்) சப்ளையை நேரடியாகவே வெட்ட வேண்டும்.

ஒய்0-வையே இன்னொரு வரியிலும் காயிலாகப் போட்டுப் பாருங்கள். பிஎல்சி இன்புட்டைப் படித்து, புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டி, கடைசியில்தான் அவுட்புட்டை எழுதும். அதனால் கீழே இருக்கும் வரி சொன்னதே நடக்கும். புரோகிராம் சரியாக இருக்கிறதே, ஏன் ஓடவில்லை என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்து ஸ்டார்-டெல்டா, அதாவது மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது. ஒய்0 மெயின், ஒய்1 ஸ்டார், ஒய்2 டெல்டா. டி0 டைமரில் கே50 போட்டால் ஐந்து விநாடி. அதன் அலகு 100 மில்லிவிநாடி. ஸ்டார் விட்ட பிறகு சின்ன இடைவெளி கொடுத்தே டெல்டா வரட்டும். லேடரில் ஒன்றுக்கொன்று இன்டர்லாக் (ஒன்று ஆனில் இருக்கும்போது மற்றது வராத தடை) போடுங்கள். அது மட்டும் போதாது. ஸ்டார் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் பிஎல்சிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு டெல்டாவை ஆன் செய்யும், மூன்று ஃபேஸும் ஷார்ட். ஆகவே விளக்கிலிருந்து கான்டாக்டருக்கு மாறும்போது ஒன்றின் என்சி கான்டாக்டை மற்றதன் காயிலுக்குப் போகும் ஒயரில் கொடுத்தே ஆக வேண்டும்.

சோதிப்பதற்கு மெயினை ஆஃப் செய்யுங்கள். டெல்டா காயிலுக்குப் போகும் ஒயரில் உள்ள ஸ்டாரின் என்சி முனைகள் இரண்டிலும் மீட்டரை வைத்தால் பீப் கேட்கும். ஸ்டார் கான்டாக்டரை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்துங்கள். சத்தம் நின்றால் மோட்டாரை இணைக்கலாம். நிற்காவிட்டால் ஒயரிங்கை மறுபடி பாருங்கள்.