விரல் நசுங்காமல் சின்ன ஆணி அடிக்க: பார்வையற்ற தச்சருக்கு ஏற்ற கருவிகள்

பீடிங் (ஓரங்களில் பதிக்கும் மெல்லிய மரச்சட்டம்), போட்டோ ஃபிரேம், டிராயர் அடிப்பலகை போன்ற வேலைகளுக்கு அரை இஞ்ச் முதல் ஒரு இஞ்ச் வரையுள்ள ஆணிகள்தான் தேவைப்படும். அரை இஞ்ச் ஆணியைப் பிடித்தால் விரலுக்கு மேலே சுத்தியல் விழ இடமே மிஞ்சாது. அதனால் முதலில் வாங்க வேண்டியது சுத்தியல் அல்ல, பிராட் புஷர்.

ஸ்க்ரூடிரைவர் போன்ற கைப்பிடி, அதில் ஸ்பிரிங்கோடு முன்பின் நகரும் குழாய், உள்ளே காந்தக் கம்பி. ஆணியின் தலை உள்ளே போகும்படி குழாயில் விட்டால் காந்தம் பிடித்துக்கொள்ளும். குழாய் வாயை மரத்தில் ஊன்றி உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள்; குழாய் பின்வாங்க, ஆணி இறங்கும்.

கடைக்கு உங்கள் ஆணிகளில் நாலைந்தைக் கொண்டுபோங்கள். ஆணியின் தலை தடையில்லாமல் குழாயில் நுழைய வேண்டும், கவிழ்த்து உலுக்கினாலும் விழக் கூடாது. குழாய் அகலமாக இருந்தால் ஆணி உள்ளேயே சாய்ந்து கோணலாக இறங்கும். கைப்பிடி உருண்டையாக உள்ளங்கையை நிறைக்கட்டும். ஒல்லியானது பத்து ஆணிக்குள் கையை வலிக்க வைத்துவிடும்.

தேக்கு போன்ற கெட்டி மரத்தில் வெறும் அழுத்தம் போதாது, ஆணி வளையும், ஓரம் பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய டிரில் பிட்டால், ஆணி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குத் துளை போடுங்கள். அவ்வளவு மெல்லிய பிட் இல்லையா? அதே ஆணி ஒன்றின் தலையை வெட்டிவிட்டுக் கை டிரில்லில் மாட்டினால் போதும். துளையைக் கண்டுபிடிக்க, குழாயை விரலால் சற்றுப் பின்னிழுத்து, ஆணி முனை துளி வெளியே தெரியும்படி மரத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். முனை துளைக்குள் விழும்போது கையில் சின்னத் தடக்கு தெரியும். அப்போது அழுத்துங்கள்.

சுத்தியல்தான் வேண்டுமென்றால் 100 கிராம் அளவில், ஒருபக்கம் ஆப்பு வடிவில் இருப்பதாக எடுங்கள். ஆணியை நோஸ் பிளேயரால் (நீண்ட, கூரிய வாயுள்ள குறடு) பிடித்து, பிளேயரை மரத்தில் படுக்க வைத்துத் தட்டுங்கள். குறி தவறினாலும் அடி இரும்பில்தான் விழும். ஆணி மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் பிளேயரை எடுத்துவிட்டு, முனை குழிந்த ஆணி பஞ்ச்சை (சுத்தியலின் அடியை ஆணிக்குக் கடத்தும் சிறு இரும்புக் கம்பி) ஆணியின் தலைமேல் வைத்து அடியுங்கள். தட்டை முனைப் பஞ்ச் வழுக்கும், வாங்காதீர்கள்.

காற்றழுத்தத்தில் இயங்கி, பின் எனப்படும் மெல்லிய ஆணிகளை அடிக்கும் பின் கன் வேகமானதுதான். ஆனால் மெல்லிய பின், மர ரேகையில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வரும். பிடிக்கும் கை, பின்னின் நீளத்தைவிட எப்போதும் தள்ளியே இருக்க வேண்டும். எந்தக் கருவியானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பார்வை இல்லாத கண்ணிலும் ஆணித்துண்டு பட்டால் காயம்தான்.