படச் சேவையில் சேரும் முன் வெளியேறும் வழியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

இணையத்தில் புகைப்படங்களைச் சேமித்துவைக்க ஒரு சேவையைத் தேடும்போது, எவ்வளவு இடம் இலவசமாகக் கிடைக்கும், செயலியைக் கையாள்வது எளிதா என்ற இரண்டையும்தான் பெரும்பாலும் விசாரிக்கிறோம். இன்னொரு சேவைக்கு மாற வேண்டிய நாள் வந்தால், படங்களையும் அவற்றோடு சேர்ந்த விவரங்களையும் குறைவின்றி எடுத்துச் செல்ல முடியுமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வழி அடைபட்டிருந்தால், சந்தையில் எத்தனை சேவைகள் இருந்தாலும் நமக்குத் தேர்வு செய்யும் உரிமை ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது.

மாற வேண்டிய நாள் பெரும்பாலும் வரத்தான் செய்கிறது. யாகூ போட்டோஸ் 2007இல் மூடப்பட்டபோது, பிளிக்கர், ஷட்டர்ஃப்ளை, ஸ்னாப்ஃபிஷ், கோடக் கேலரி, போட்டோபக்கெட் ஆகிய பிற படச் சேவைகளுள் ஒன்றுக்குப் படங்களை மாற்றிக்கொள்ளும் வசதியைத் தன் பயனர்களுக்கு அளித்தது. மூடும் நிறுவனம் போட்டியாளர்களின் வாசலைத் திறந்துவைத்த அச்செயல் பாராட்டத்தக்கது. ஆனால் கோடக் கேலரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் 2012இல் அதுவும் மூடப்பட்டபோது மறுபடி மாற நேர்ந்தது. போட்டோபக்கெட் 2017இல் பிற தளங்களில் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டாலர் கேட்டது. 2013இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அளித்த பிளிக்கர், 2018இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின், இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்ற வரம்பை விதித்தது. கூகுள் போட்டோஸ் 2015இல் வரம்பின்றி வழங்கிய இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது. அன்றிலிருந்து ஏற்றப்படும் படங்கள், மின்னஞ்சலும் பிற கோப்புகளும் பங்குபோடும் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன.

ஆகவே, முழுத் தொகுப்பையும் ஒப்படைக்கும் முன் ஒரு சிறு சோதனையைச் செய்யுங்கள். முப்பது படங்கள் போதும். ஆனால் அவை பலவகையாக இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த ஹெச்இஐசி (ஐபோன் முதலியவை பயன்படுத்தும் கோப்பு வடிவம்) படம், அசையும் லைவ் போட்டோ, ஒரு காணொளி, செயலிக்குள்ளேயே திருத்திய படம், ஸ்கேன் செய்து தேதியை நீங்களே மாற்றிய பழைய படம், தமிழில் குறிப்பு எழுதிய படம் ஆகிய எல்லாவற்றிலும் சிலவற்றைச் சேருங்கள். அவற்றை ஏற்றி, இரண்டு ஆல்பங்களாகப் பிரித்து, ஒரு படத்தை மட்டும் இரண்டிலும் வையுங்கள். மறுநாள் அந்தச் சேவையின் ஏற்றுமதி வசதியைக் கொண்டே அனைத்தையும் கணினிக்கு இறக்குங்கள். ஒவ்வொரு படமாகத் தொட்டுத்தான் இறக்க முடியும் என்றால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது; முப்பதுக்குச் செய்ய முடிந்ததை முப்பதாயிரத்துக்குச் செய்ய முடியாது.

இறக்கிய கோப்பின் அளவை மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். பைட் அளவு குறைந்திருந்தால், படம் சுருக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதற்குள் இருந்த விவரங்கள் நீக்கப்பட்டிருக்கலாம். அளவு ஒன்றாக இருந்தாலும் ஐயம் தீரவில்லையென்றால், கோப்பின் கைரேகை போன்ற எண்ணான ஷா-256ஐ இரு கோப்புகளுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எண்கள் பொருந்தினால் ஒரு பிட்கூட மாறவில்லை.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, படத்தோடு வரும் விவரங்களை. எடுத்த நேரம், இடம், கேமரா பற்றிய தகவல்கள் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற வடிவில் பதிந்திருக்கின்றன. ஆனால் நாம் பிறகு சேர்க்கும் தேதித் திருத்தம், குறிப்பு, ஆல்பம் முதலியவை பல சேவைகளில் அவற்றின் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஆண்டைப் பெரியவர்களிடம் கேட்டுக்கேட்டுத் திருத்திவைத்திருந்தேன். வேறு சேவைக்கு மாற்றியபோது, அத்தனை படங்களும் ஸ்கேன் செய்த அந்த ஒரு வாரத்தின் கீழ் வந்து குவிந்தன. படங்களில் ஒன்றும் குறையவில்லை. பல மாத உழைப்பு மட்டும் காணாமல்போயிற்று. கூகுளின் ஏற்றுமதி வசதியான டேக்அவுட் இத்தகைய விவரங்களை ஒவ்வொரு படத்துக்கும் அருகில் ஜேசன் என்ற எழுத்துவடிவக் கோப்பாகத் தருகிறது. அதைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, அதிலுள்ள தேதியையும் இடத்தையும் படத்துக்குள் திரும்ப எழுத முடியும். டேக்அவுட்டின் பதிவிறக்க இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரமே செல்லும் என்பதால், இணைய வேகத்தைக் கணக்கிட்டு ஜிப் கோப்பின் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

கணினியில் இறக்காமல், ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்றும் வழியும் சில இடங்களில் உண்டு. கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் ஆகியவை 2018இல் கூட்டாக அறிவித்த தரவு மாற்றத் திட்டத்தில் பின்னர் ஆப்பிளும் சேர்ந்தது. ஆப்பிளின் சேமிப்புச் சேவையான ஐகிளவுட்டிலிருந்து கூகுள் போட்டோஸுக்குப் படங்களை அனுப்பும் வசதி 2021இல் வந்தது. அதற்கு மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகலாம் என்று ஆப்பிள் கூறுகிறது. பகிர்ந்த ஆல்பங்களும் லைவ் போட்டோக்களும் அதில் அடங்கா. எனவே நேரடி மாற்றத்தையும் மேற்சொன்ன சோதனைக்கு உட்படுத்திய பிறகே நம்ப வேண்டும்.

பிற செயலிகளுக்கு உங்கள் தொகுப்பைத் திறந்துகாட்டும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். உங்கள் அனுமதியுடன் ஒரு வெளிச்செயலி கூகுள் போட்டோஸ் தொகுப்பு முழுவதையும் படிக்க முன்பு வழி இருந்தது. 2025 மார்ச் 31க்குப் பின் ஒரு செயலி தான் ஏற்றிய படங்களையும், நீங்கள் கையால் தேர்ந்து கொடுக்கும் படங்களையும் மட்டுமே அணுக முடிகிறது. தனியுரிமைக்கு இது ஒரு காப்பு என்பதை ஏற்கிறேன். ஆயினும், ஆர்க்ளோன் போன்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு தன் படங்களுக்குத் தானே நகல் எடுத்துவந்தவரின் வழியும் இதே கதவோடு அடைபட்டது. தெரிந்தே அனுமதி கொடுப்பவருக்கு ஒரு வழியை விட்டுவைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு, 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தாம் அளித்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. ஏற்றுமதி வசதி இல்லாத சேவையிடம் இப்பிரிவைச் சுட்டி எழுத்துமூலம் கேட்கலாம்.

மாறுவது என்று முடிவெடுத்த பின், அவசரம் கூடாது. புதிய இடத்தில் ஆண்டுவாரியாகப் படங்களின் எண்ணிக்கையைப் பழைய இடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு முழு நகலை வெளி வன்வட்டில் எடுத்துவையுங்கள். பழைய கணக்கில் எதையும் அழிக்கும் முன், கைபேசியில் அந்தச் சேவையின் ஒத்திசைவை நிறுத்துங்கள். ஐகிளவுட் போட்டோஸில் ஒரு கருவியில் அழித்த படம் அதே கணக்கிலுள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் போய்விடும். தவறி அழித்தவை அங்கு 30 நாட்கள் வரை மீட்கக் கிடைக்கும். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படங்களுக்கு 60 நாட்கள். கட்டணச் சந்தாவை இன்னும் ஒரு மாதம் நீட்டித்துவைப்பது நல்லது, ஏனென்றால் விடுபட்ட ஆல்பம் எது என்பது அந்த மாதத்தில்தான் பெரும்பாலும் தெரியவரும்.

நீங்கள் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிய பழைய ஆல்ப இணைப்புகள் கணக்கை மூடியதும் செயலிழக்கும். அவற்றின் பட்டியலை எடுத்து, புதிய இணைப்பை ஒவ்வொருவருக்கும் அனுப்பி, அது அவர்களுக்குத் திறக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே பழைய கணக்கை மூடுங்கள்.