விஎம்மில் மெயில் சர்வர்: ரோல்பேக் பட்டனில் கை வைக்கும் முன்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, விஎம்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகள்) நிர்வகிக்கும் புரோக்ஸ்மாக்ஸ் திரையைக் காட்டி, "ஸ்நாப்ஷாட் எடுத்துட்டேன் அண்ணா, இனி எது உடைஞ்சாலும் ரோல்பேக் பண்ணிக்கலாம்" என்றான். ஸ்நாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நொடி நிலையைப் பதிந்து வைப்பது, ரோல்பேக் அந்த நிலைக்கே திரும்பிப் போவது. பல வருடங்களுக்கு முன் நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள் என்ற ரக அறிவுரை இதில் இருக்காது; கீழே ஒவ்வொரு தலைப்பும் தவிர்க்க வேண்டிய ஒரு தவறு.

மெயில் சர்வரை விஎம்மில் வைப்பது நல்ல யோசனைதான். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸையும், பெட்டியில் வைத்துப் பயனருக்குக் காட்டும் டோவ்காட்டையும் ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால், ஹார்டுவேர் போனாலும் வேறு பெட்டிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

25ஆம் போர்ட்டைக் கேட்காமல் விஎம் வாங்குவது

அமேசான், கூகுள் உட்படப் பல கிளவுடுகளில் சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்து வாங்கும் 25ஆம் போர்ட், வெளியே போகும் திசையில் முதலில் மூடியே இருக்கும். எல்லாம் அமைத்து முடித்த பிறகு இது தெரிந்தால் ஒரு நாள் வீண். ஓர் ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது உங்கள் டொமைன் பேனலில் இருக்காது, ஐபி கொடுத்தவர் கையில் இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது.

ஓடும் மெயில் சர்வரை ரோல்பேக் செய்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். ஒரு சனிக்கிழமை இரவு ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு டோவ்காட்டை அப்கிரேடு செய்தேன். திங்கள் மதியம், மெயிலில் தேடினால் எதுவும் வரவில்லை என்று புகார். ரோல்பேக் அழுத்தினேன், மூன்றே நிமிடம். டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஞாயிறு, திங்கள் வந்த மெயில் ஒன்றுகூட இல்லை. அனுப்பியவர்கள் மறுபடி அனுப்பவும் மாட்டார்கள். நம் சர்வர் 250 (பெற்றுக்கொண்டேன்) என்று பதில் சொன்ன நொடியே மெயில் நம் பொறுப்பு; அந்தப் பக்கம் கியூவிலிருந்து (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) அழித்துவிடுவார்கள். இன்னொரு கூத்து, சனிக்கிழமை கியூவில் நின்று ஞாயிறன்று போய்ச் சேர்ந்த மெயில்கள் ரோல்பேக்கில் உயிர் பெற்று இரண்டாம் முறையும் கிளம்பின. அதில் இன்வாய்ஸ்களும் இருந்தன.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, "வெப்மெயிலில் தெரிகிற மெயில் லேப்டாப்பில் வரவில்லை" என்று ஆரம்பித்தார்கள். லேப்டாப் சர்வரிலிருந்து மெயிலைப் படிக்கும் முறையான ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் யுஐடி என்று ஓர் எண் உண்டு, ஏறிக்கொண்டே போகும். சனிக்கிழமை 5210இல் நின்ற பெட்டி திங்கள் மதியம் 5260ஐத் தொட்டிருந்தது. ரோல்பேக்குக்குப் பிறகு வந்த புதிய மெயிலுக்குச் சர்வர் மறுபடி 5211 என்று எண் போட்டது. 5211ஐத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே என்று லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. சிலருக்குத் தலைப்பு ஒன்று, திறந்தால் உள்ளே வேறு கடிதம். ஒவ்வொரு மேசையாகப் போய் கணக்கை நீக்கிச் சேர்க்க இரண்டு நாள் ஆனது.

இப்போது நான் செய்வது இது. முதலில் விஎம்முக்கு ஒரு குளோன் (நகல்) எடுத்து அதில் அப்கிரேடு செய்து பார்ப்பேன். அப்புறம் நிஜ சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸையும் டோவ்காட்டையும் நிறுத்திவிட்டுத்தான் ஸ்நாப்ஷாட். அப்கிரேடு முடிந்து, நானே ஒரு சோதனைக் கணக்கில் தேடல்வரை பார்த்து, திருப்தியானால் ஸ்நாப்ஷாட்டை அழித்துவிட்டுக் கதவைத் திறப்பேன், அதாவது வெளி மெயிலை உள்ளே விடுவேன். ஒரு மணி நேரம் மூடிக் கிடந்தால் மெயில் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மறுபடி முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள்வரை முயலும். கதவைத் திறந்த பிறகு ரோல்பேக் கிடையாது. கோளாறு வந்தால் பழைய பேக்கேஜைப் போட்டுச் சரிசெய்வேன்.

மெயில் இருக்கும் டிஸ்க்கைத் தனியாகப் பிரித்துவிட்டேன் என்பவர்களுக்கு: புரோக்ஸ்மாக்ஸின் ஸ்நாப்ஷாட் பட்டன் அந்த விஎம்மின் எல்லா டிஸ்க்குகளையும் சேர்த்தே எடுக்கும், ரோல்பேக்கும் சேர்த்தே.

ஸ்நாப்ஷாட்டையே பேக்கப் என்பது

அதே டிஸ்க்கில் கிடப்பது பேக்கப் இல்லை.

குளோனை நெட்வொர்க்கோடு எழுப்புவது

கியூவில் இருப்பதெல்லாம் அங்கிருந்தும் போகும். முதலில் நெட்வொர்க் கார்டைக் கழற்றுங்கள்.

1 ஜிபி ராம்

வைரஸ் தேடும் கிளாம்ஏவி ஒன்றே அதைத் தின்றுவிடும்.