வன்னி வைரமரத்தில் பேனை கடைதல்

மரப்பேனை கடைகிறவர்கள் உலகெங்கும் விலை கொடுத்துத் தேடும் கருங்காலியும் முதிரையும் இலங்கையின் வன்னிக் காட்டில் இயல்பாக வளர்பவை. பாலையும் அப்படித்தான். இந்த மூன்றும் கூரான உளிக்குப் பணியும், சூட்டுக்குப் பணியாது. செய்து சில வாரத்தில் வெடித்த பேனையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். மரத்துக்குள் ஈரம் இருந்திருக்கும், அல்லது துளைக்கும்போதோ தேய்க்கும்போதோ அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கும்.

இங்கே சொல்வது 7 மி.மீ. பித்தளைக் குழாய் இரண்டு கொண்ட மெல்லிய திருகுபேனையைப் பற்றி. பேனையின் பாகங்கள் சேர்ந்து வரும் கிட்டில் குழாய் இரண்டு, முனைக்கூம்பு, திருகும் பாகம், நடு வளையம், கிளிப், தலைமூடி, ரீபில் ஆகியவை இருக்கும். கடையும்போது அளவு காட்டும் புஷ் வளையங்களைத் தனியாக வாங்க வேண்டும். கிட்டும் புஷ்ஷும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

மரம் எங்கே எடுப்பது

காட்டுக்குப் போய் வெட்டுவதை மறந்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் உயிருக்கும் ஆபத்து. சொந்தக் காணியில் நிற்கிறது என்பதற்காகவும் எல்லா மரத்தையும் தறித்துவிட முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு பேனைக்குத் தேவை 20 மி.மீ. சதுரத்தில் 14 செ.மீ. நீளக் கட்டைதான். மரக்காலையிலும் தளபாடப் பட்டறையிலும் அடுப்புக்குப் போகும் கழிவுத் துண்டே போதும். கொஞ்சம் அதிகமாக வாங்கினால் பற்றுச்சீட்டு எடுத்து வையுங்கள்.

கழிவுத் துண்டைவிட நல்லது பழைய மரம். உடைந்த கருங்காலி உலக்கை, இடித்த வீட்டின் முதிரை நிலை, பாலை வளை, மாட்டுவண்டிச் சில்லின் துண்டு எல்லாம் பல ஆண்டு காய்ந்தவை. தாரெண்ணெய் மணக்கும் ரயில் பாதைச் சிலிப்பர் கட்டையை மட்டும் தொடாதீர்கள். அதன் புகையும் தூளும் நஞ்சு, பசையும் பிடிக்காது.

போர் நடந்த இடத்து மரம் என்றால் அறுக்க முன்னர் சோதியுங்கள். ஷெல் துண்டு காந்தத்துக்கு அகப்படும். ஈயமும் செம்பும் கொண்ட ரவை அகப்படாது. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்று நம்பிவிடாமல், மரத்தில் காரணமில்லாத கறுப்பு அல்லது நீலக் கறை, மூடி வளர்ந்த வடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். உளி போனாலும் பரவாயில்லை, கண் போனால்?

எந்த மரம் எப்படி

கருங்காலி: வைரம் (முற்றிய கடின மரம்) முழுக் கறுப்பு, இழை தெரியாது, கண்ணாடி போல் மினுங்கும். மூன்றிலும் சூட்டுக்கு முதலில் வெடிப்பது இதுதான்.

முதிரை: பொன்மஞ்சள். நார் ஒரு அடுக்கு இப்பக்கமும் அடுத்த அடுக்கு அப்பக்கமுமாகச் சாய்ந்து வளர்வதால் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக அசையும். அதே காரணத்தால் மழுங்கிய உளி பட்டால் நார் பிய்ந்து குழி விழும். இதன் தூள் தோலில் சொறியையும் மூக்கில் எரிவையும் உண்டாக்கும். முகக்கவசம் கட்டாயம், வேலை முடிந்ததும் குளிப்பதும் கட்டாயம்.

பாலை: கருஞ்சிவப்பு, கனம், மிகக் கடினம். பச்சையாக அறுத்தால் நுனியிலிருந்து பிளந்துகொண்டே போகும்.

பனை: முற்றிய மரத்தின் வெளிவைரம் மட்டும் உதவும். கறுப்பு நார் இரும்பு, அதைச் சுற்றிய வெளிறிய பகுதி பஞ்சு. முதற்கட்டமாக உருட்டியதும் தண்ணீர்போல் ஓடும் சுப்பர் குளூவை ஊறவிட்டுப் பிறகு கடைந்தால்தான் நார் நிற்கும்.

புளியின் உள்வைரமும் வேம்பும் எளிதில் கிடைப்பவை. பழகுவதற்கு வேம்பை எடுங்கள். கருங்காலியில் தொடங்குவது வீண்செலவு.

காயவைத்தல்

பச்சைமரம் என்றால் 22 மி.மீ. சதுரமாக அறுத்து, இரு நுனியிலும் உருக்கிய மெழுகைத் தோய்த்து, வீட்டுக்குள் நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். தகரக் கூரையின் கீழே வேண்டாம். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் வெளியே வைத்த கட்டை ஒரு பகலிலேயே நுனி பிளக்கும், ஏனென்றால் வெளிப்பக்கம் சுருங்கும் வேகத்துக்கு உட்பக்கம் ஈடுகொடுக்காது. நகைத்தராசு போன்ற சிறு மின்தராசில் இரண்டு கிழமைக்கு ஒருதடவை நிறுத்து கட்டையிலேயே எழுதுங்கள். நிறை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. மாரியில் நிறை திரும்பக் கூடலாம். அந்த நேரம் அவசரப்படாமல் விடுங்கள்.

துளைத்தல்

கவனம் முழுவதும் இங்கேதான் வேண்டும். கட்டையை 20 மி.மீ. சதுரமாக்கி, பக்கத்தில் நீளக் கோடு ஒன்று கீறி, 68 மி.மீ. நீளத்தில் இரண்டாக அறுங்கள். கோடு இருந்தால்தான் பொருத்தும்போது இரு துண்டின் இழையும் தொடர்ந்து ஓடும்.

7 மி.மீ. பிட் புதிதாக அல்லது தீட்டியதாக இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 500 முதல் 800 சுற்று. ஒவ்வொரு 5 மி.மீ. இறங்கியதும் பிட்டை முழுக்க வெளியே இழுத்து, சுருளில் அடைந்த தூளைத் தட்டுங்கள். கருங்காலியில் தூள் இறுகி அடைந்தால் பிட் வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூடானால் உள்ளே தலைமயிர் போன்ற மெல்லிய வெடிப்பு. அது உடனே தெரியாது, மினுக்கும்போதுதான் தெரியும். பிட்டை விரலால் தொட முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது.

அடிப்பக்கம் வெடித்துச் சிதறுவது அடுத்த தொல்லை. கட்டையை ஊடுருவித் துளைக்காதீர்கள். 60 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தி, கட்டையை 56 மி.மீ. நீளத்துக்கு அறுத்தால் துளை தானாக வெளிவரும். குழாய் ஏறக்குறைய 53 மி.மீ., மிச்சம் பிறகு சமப்படுத்த உதவும். கிட்டுக்குக் கிட் வேறுபடும், உங்கள் குழாயை அளந்து மாற்றுங்கள்.

துளைத்த கட்டையை அன்றே ஒட்டாமல் ஓர் இரவு விட்டால், வெடிக்க இருப்பது வெடித்துக் காட்டிவிடும்.

குழாய் ஒட்டுதல்

குழாயின் வெளிப்பக்கத்தை 150ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் குறுக்காகக் கீறுங்கள். எண்ணெய்த்தன்மையுள்ள மரமானால் துளைக்குள் அசிற்றோன் தோய்த்த துணிக்குச்சியை விட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். குழாயின் வாயை உருளைக்கிழங்கு வட்டம் ஒன்றில் குத்தி அடைத்தால் பசை உள்ளே போகாது. அரல்டைட் போன்ற இருபசையை அரைக்கு அரை கலந்து, குழாயிலும் துளையிலும் பூசி, சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள். இங்கே சுப்பர் குளூ வேண்டாம். பாதியில் இறுகிக் குழாயைப் பிடித்துக்கொண்டால் கட்டை போச்சு. 24 மணி நேரம் விடுங்கள்.

பிறகு 7 மி.மீ. குழாய்க்குள் போகும் தண்டோடு கூடிய முனை மட்டமாக்கியால், பித்தளை மினுங்கும் வரை மட்டும் நுனியைச் சீவுங்கள். பித்தளையையே சீவினால் குழாய் குட்டையாகி, கடைசியில் ரீபில் நீட்டிக்கொண்டு நிற்கும். குழாய்க்குள் பசை ஒட்டியிருந்தால் குழாய்க்குள் போகும் அளவு மெல்லிய பிட்டைக் கையால் திருகிச் சுரண்டுங்கள். இதைத் தவறவிட்டால் பொருத்தும்போது மரம் பிளக்கும்.

கடைதல்

கட்டையைச் சுழற்ற லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பூட்டும் மண்ட்ரல் தண்டில் புஷ், கட்டை, புஷ், கட்டை, புஷ் என்று கோர்த்து நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். சாவி போட்டு இறுக்கினாலும், லேத்தின் பின்முனையை அழுத்தினாலும் தண்டு வளையும். அப்போது பேனை வட்டமாக வராது. புஷ்ஷின் ஒரு பக்கத்தில் மரம் உயர்ந்தும் மறுபக்கத்தில் தாழ்ந்தும் நிற்கும்.

மூலை போகும் வரை 1500 சுற்றில் நகவுளி (வளைந்த வாயுள்ள உளி), பிறகு 2500 அளவில் சாய்வாயுளி. பாலைக்கும் முதிரைக்கும் உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். தூள் சுருளாக வராமல் பொடியாக வந்தால் உளி மழுங்கிவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டுங்கள், தோளில் துவாய் வேண்டாம். சுழலும் தண்டு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

புஷ்ஷின் விட்டம் ஏறக்குறைய 8.4 மி.மீ. என்றால் நுனியில் மரத்தின் தடிப்பு 0.7 மி.மீ. தான் மிஞ்சும். புஷ்ஷுக்கு 0.3 மி.மீ. மேலே இருக்கும்போதே உளியைக் கீழே வையுங்கள், மிச்சத்தை சாண்ட் பேப்பர் எடுக்கும். 150, 240, 320, 400, 600 என்று போங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் கையால் தேய்த்தால் வட்டக் கீறல் போகும். சூடு விரலுக்குத் தெரிந்தால் பேப்பரை எடுங்கள். கருங்காலியையும் முதிரையையும் ஒரே பேனையில் சேர்த்தால் கறுப்புத் தூள் மஞ்சளுக்குள் புகுந்து அழுக்காக்கும். அவற்றைத் தனித்தனியே தேய்ப்பதே வழி.

பூச்சு

மெழுகு மட்டும் பூசிய பேனை கையில் எடுக்க இதமானது, ஆனால் வியர்வைக்கு மாதக்கணக்கில் நில்லாது. பிரெஞ்ச் பொலிஷ் எனப்படும் அரக்குப் பூச்சு, கைகழுவும் ஸ்பிரிட் பட்டால் கரையும். தினமும் பாவிக்கும் பேனைக்கு தண்ணீர்போல் ஓடும் சுப்பர் குளூதான் நிற்கிறது. 800 சுற்றுக்குக் குறைவாக ஓடவிட்டு, கடதாசித் துவாயில் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஒரே இழுப்பில் பூசுங்கள். காய்ந்ததும் அடுத்தது, மொத்தம் ஆறு முதல் எட்டுப் பூச்சு. பருத்தித் துணி கூடாது. சுப்பர் குளூ பருத்தியில் ஊறினால் சூடேறிப் புகையும். மாரிக்காலத்து ஈரக் காற்றில் பூச்சு வெண்மையாகப் பூக்கும். மழை விட்ட நடுப்பகலில், பூச்சை இன்னும் மெல்லியதாகப் போட்டுச் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் பாவித்தால் அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

பொருத்துதல்

இரு பக்கமும் மரத்துண்டு வைத்த வைஸ் போதும். முனைக்கூம்பைக் கீழ்க்குழாயின் ஒரு நுனியில் நேராக அழுத்துங்கள். சரிந்து நுழைந்தால் அங்கேயே பிளக்கும். மறுநுனியில் திருகும் பாகத்தைப் பித்தளைப் பக்கமாக, அதிலுள்ள கோட்டுக்கு 2 மி.மீ. முன்னர் வரை தள்ளி, ரீபிலைப் போட்டுப் பாருங்கள். முனை போதாமல் வெளிவந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். அதிகம் போய்விட்டால் மரத்தைக் காயப்படுத்தாமல் திரும்ப எடுப்பது கடினம். கிளிப்பையும் தலைமூடியையும் மேற்குழாயில் சேர்த்து அழுத்தி, நடு வளையத்தைக் கோர்த்து, மர இழை பொருந்தும்படி இரு பாதியையும் கையால் தள்ளுங்கள். பின்னர் மை முடிந்தால் இந்த மேற்பாதியை நேராக இழுத்துக் கழற்றி, திருகும் பாகத்திலிருந்து ரீபிலைத் திருகி எடுக்கலாம். மேற்பாதி தளர்ந்துவிட்டால் பசை போடாதீர்கள், அதற்குப் பிறகு ரீபில் மாற்றவே முடியாது.